நாமா, நாங்களா? அச்சுக்காரர் பதில்கள்

சென்ற மாதப் பதில் ஒன்றில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஒருவர் இரண்டாம் உலகப்போர்க் கால ஆங்கிலச் சுவரொட்டி ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, "அசல் ஐயா, லண்டன் சுவரிலிருந்து கிழித்தது" என்று சத்தியம் செய்தார். நான் சிரித்துவிட்டு நடந்துவிட்டேன் என்று. அவ்வளவுதான் எழுதியது. அதற்கு வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்த ஆசிரியர், "இந்த மாதம் முழுக்க இதையே பேசிவிடுங்கள் அண்ணே" என்று கடிதக் கட்டை என்னிடம் தள்ளிவிட்டார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சரித்திரப் பேராசிரியர் இல்லை. பினாங்கு ஜார்ஜ்டவுனில் 41 வருடம் அச்சுக்கூடத்தில் நின்றவன். கல்யாணப் பத்திரிகை, தைப்பூச நோட்டீஸ், தேர்தல் சுவரொட்டி, கருமாதிப் பத்திரிகை எல்லாம் என் கை வழியாகப் போனவை. எழுத்துக் கோத்துப் பழகியவனுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எல்லாரும் படத்தைப் பார்க்கும்போது அவன் சின்னச் சொற்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். இந்த மாதம் அது கொஞ்சம் அதிகமாகவே வெளிப்படும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் வாங்கி வந்த தேநீர்க் குவளையில் சிவப்புப் பின்னணி, மேலே கிரீடம், கீழே 'பதறாதே, வேலையைப் பார்' என்ற பொருளில் ஆங்கில வாசகம். குண்டு விழுந்த காலத்தில் லண்டன் சுவரெல்லாம் இதுதான் என்கிறாள். நீங்கள் பார்த்துச் சிரித்ததும் இதுதானா? சிரிக்க என்ன இருக்கிறது?
– இல்லத்தரசி, சுங்கை பட்டாணி

அதேதான் அம்மா. அச்சடித்தது உண்மை. சுவரெல்லாம் ஒட்டினார்கள் என்பதுதான் கதை.

1939-இல், போர் மூளப்போகிறது என்று தெரிந்த நாள்களில், பிரிட்டிஷ் தகவல் அமைச்சுக்காக மூன்று சுவரொட்டிகள் தயாராயின. மூன்றுக்கும் ஒரே அமைப்பு. மேலே அரசரின் கிரீடம், கீழே பட்டையான வெள்ளை எழுத்து, வேறு படம் கிடையாது. அந்த மூன்றில் இந்தப் 'பதறாதே'வை மட்டும் ஏறத்தாழ 24 லட்சத்து 50 ஆயிரம் பிரதிகள் அடித்தார்கள். பெரிய குண்டுவீச்சு நடந்து ஜனங்கள் கலங்கி நிற்கும்போது ஒட்டலாம் என்று கட்டுக் கட்டாக எடுத்து வைத்தார்கள். குண்டுவீச்சு எதிர்பார்த்தபடி உடனே வரவில்லை. 1940-இல் காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. கட்டி வைத்ததில் பெரும்பகுதியைக் கூழாக்க அனுப்பிவிட்டார்கள். லண்டனில் இரவுக்கு இரவு குண்டு விழத் தொடங்கியது அந்த வருடம் செப்டம்பரில். அதற்குள் 'பதறாதே' கூழாகி, வேறு ஏதோ காகிதமாக மறுபிறவி எடுத்திருக்கும். எங்கள் தொழிலில் இப்படி நடக்கும். கட்சி மாறிய வேட்பாளரின் முகத்தை நானே எடைக்குப் போட்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் 60 வருடம் அதை நினைத்தவர் இல்லை. 2000-ஆம் ஆண்டில், வட இங்கிலாந்தில் ஆல்ன்விக் என்ற சிறிய ஊரில், பழைய ரயில் நிலையக் கட்டடத்துக்குள் 'பார்ட்டர் புக்ஸ்' என்ற பழைய புத்தகக் கடை நடத்துபவர் ஏலத்தில் எடுத்த பெட்டி ஒன்றைப் பிரித்தார். அடியில் ஒரு பிரதி மடிந்து கிடந்தது. சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் விலை கேட்டார்கள். நகல் போட்டு விற்கத் தொடங்கினார்கள். மீதிக் கதை உங்கள் வீட்டுக் குவளையில் இருக்கிறது.

எனக்குச் சுவையானது அதன் உடன்பிறப்பு. அது உண்மையிலேயே ஊரெங்கும் ஒட்டப்பட்டது. 'உங்கள் துணிவு, உங்கள் மலர்ச்சி, உங்கள் உறுதி வெற்றியைத் தேடித் தரும்' என்பது அதன் சாரம். யாருக்குத் தேடித் தரும்? ஆங்கிலத்தில் 'அஸ்' என்று போட்டிருந்தார்கள். அங்கேதான் வினை. 'துணிவு எங்களுடையது, வெற்றி மட்டும் மேலே இருப்பவர்களுக்கா?' என்று ஜனங்கள் முகம் சுளித்தார்கள். அத்தனை செலவில் அடித்த சுவரொட்டி ஒரு குட்டிச் சொல்லில் இடறி விழுந்தது.

இதைத் தமிழில் கோக்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தால் என் கை எழுத்துப்பெட்டி மேலேயே நின்றிருக்கும். 'நமக்கு' என்று போடுவதா, 'எங்களுக்கு' என்று போடுவதா? கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். வெளியே நிறுத்தினால் நாங்கள். மலாயிலும் இதே கணக்குத்தான், கித்தா என்றும் காமி என்றும் இரண்டு வைத்திருக்கிறார்கள் (நம் தோட்டத்துப் பால்மரக் கித்தா வேறு, இது வேறு). ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை. ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டு மூடிவிடலாம். மூடினால் எப்போதும் நல்லதற்கு என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு மாப்பிள்ளை வீட்டார் இதே சிவப்பு, இதே கிரீடம் போட்டுக் கல்யாண மண்டபத்துக்குப் பேனர் கேட்டார்கள். வாசகம்: 'பதறாதே, பந்தியில் உட்கார்.' நான் அடித்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் பெண் வீட்டுப் பெரியவர் வந்து நின்றார். "யாரைப் பார்த்து உட்கார் என்கிறீர்கள்? எங்கள் சம்பந்தி வீட்டு ஆள்களையா?" ராத்திரியோடு ராத்திரியாக 'பதறாதீர்கள், பந்தியில் அமருங்கள்' என்று மாற்றினேன். எழுத்து கூடியதால் கிரீடம் பாதியாகச் சுருங்கிவிட்டது. ஆங்கில அரசாங்கம் தன் ஜனங்களை நீ என்றதா, நீங்கள் என்றதா என்று யாரும் கேட்க முடியாது. தமிழில் கேட்பார்கள்.

அந்த வெள்ளைக்காரச் சுவரொட்டிகளில் நம் ஆள்களும் இருந்தார்களா?
– பணி ஓய்வு பெற்ற பஸ் நடத்துநர், ஆயர் ஈத்தாம்

இருந்தார்கள். 1941-இல் வெளிவந்த ஒன்று பெயர் பெற்றது. பின்னால் பிரிட்டிஷ் கொடி பறக்க, சாம்ராஜ்யத்தின் பல நாட்டுப் படைவீரர்கள் தோளோடு தோள் சேர்ந்து நடந்து வருவார்கள். தலைப்பாகையோடு இந்தியச் சிப்பாயும் அந்த வரிசையில் உண்டு. கீழே ஒரே சொல்: 'சேர்ந்து.' நல்ல படம், அழகான வண்ணம், குறை சொல்ல முடியாது. இது சந்தேகமில்லாமல் 'நாம்' சுவரொட்டி.

அதே 1941 டிசம்பரில் நம் ஊரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். 8-ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையேறினார்கள். 11-ஆம் தேதி ஜார்ஜ்டவுன் மீது குண்டு வீசினார்கள். என் அப்பாவுக்கு அப்போது 13 வயது. யாரும் ஓடவில்லை என்பார். தெருவில் நின்று அண்ணாந்து விமானங்களை எண்ணிக்கொண்டிருந்தார்களாம். இவர் 27 வரை எண்ணியதாகச் சொல்வார். வருடத்துக்கு வருடம் அந்த எண்ணிக்கை கூடும், அதனால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஜனங்கள் வேடிக்கை பார்த்து நின்றது மட்டும் எல்லாரும் எழுதி வைத்திருக்கும் உண்மை.

அடுத்த சில நாள்களில், இரவு நேரத்தில், பினாங்கிலிருந்த ஐரோப்பியர்கள் படகேறிப் போய்விட்டார்கள். மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. விடிந்து பார்த்தால் மலாய்க்காரர், சீனர், இந்தியர் மட்டும் மிச்சம். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றியது ஒரு தமிழர். ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர் சரவணமுத்து, இலங்கைக்காரர். ஊரில் துரை இல்லை, குண்டு போட வேண்டாம் என்று தெரிவிக்கும் பொறுப்பு ஒரு பத்திரிகைக்காரரின் தலையில் விழுந்தது. 19-ஆம் தேதி ஜப்பானியர் உள்ளே வந்தார்கள். போனவர்கள் வானொலி நிலையத்தை உடைக்காமல் விட்டுப் போயிருந்ததால், வந்தவர்களுக்குப் பிரசாரக் கருவி தயாராக இருந்தது.

இதில் என்னை உறுத்துவது இன்னொரு செய்தி. அப்போது சிங்கப்பூரில் பிரிட்டிஷ் அமைச்சராக இருந்தவர் டஃப் கூப்பர். பினாங்கின் பெரும்பாலானோர் பத்திரமாக வெளியேற்றப்பட்டுவிட்டார்கள் என்ற பொருளில் அவர் வானொலியில் பேசினார். கேட்ட ஆசிய மக்கள் கொதித்துப்போனார்கள். அவருடைய கணக்கில் பினாங்கு என்றால் வெள்ளைக்காரர்கள் மட்டும்தான். இந்த டஃப் கூப்பர் அதற்கு முன் என்ன வேலையில் இருந்தார் தெரியுமா? 1940 மே முதல் 1941 ஜூலை வரை லண்டனில் தகவல் அமைச்சர். சுவரொட்டி அடிக்கும் அதே அமைச்சு. முந்தைய பதிலில் சொன்ன 'அஸ்' இவர் காலத்துக்கு முன் அச்சானது என்றாலும், அந்தச் சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்பதைப் பினாங்கு நேரில் தெரிந்துகொண்டது.

ஜப்பானியர் மட்டும் சளைத்தவர்களா? 'ஆசியா ஆசியருக்கே' என்றார்கள். எட்டுத் திசையும் ஒரே கூரையின் கீழ் என்றார்கள். 'நாம்' என்று அதைவிடப் பெரிதாக யாரும் சொல்லிவிட முடியாது. பத்திரிகையில் 1942 என்று போடக்கூடாது, ஜப்பானிய வருடம் 2602 என்று போட வேண்டும். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி தோக்கியோ நேரத்துக்கு வைக்க வேண்டும். அப்பா சொல்வார், சூரியன் மலாயாவில், மணி ஜப்பானில் என்று. ஒரே கூரைக்குள் இருக்கும் 'நாம்', முச்சந்தியில் நிற்கும் காவல் சிப்பாய்க்கு முன் குனிந்து வணங்காவிட்டால் கன்னத்தில் அறை விழும். சீனர்களுக்கு அறையோடு நிற்கவில்லை. அவர்களில் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றார்கள்.

பள்ளிச் செயல்திட்டத்துக்காகக் கேட்கிறேன். விரலை நீட்டிக் கூப்பிடும் சுவரொட்டியை முதலில் வரைந்தது யார்? அந்த விரல் எங்கே நகர்ந்தாலும் நம்மையே காட்டுகிறதே, எப்படி?
– ஐந்தாம் படிவ மாணவி, கூலிம்

மகளே, 1914 செப்டம்பரில் ஆல்ஃபிரட் லீட் என்ற ஓவியர் 'லண்டன் ஒப்பீனியன்' என்ற பத்திரிகையின் அட்டைக்கு வரைந்தார். மீசைக்காரப் போர் அமைச்சர் கிச்சனர் விரலை நீட்டி, உன் நாட்டுக்கு நீ தேவை என்கிறார். அமெரிக்காவில் ஜேம்ஸ் மான்ட்கோமரி ஃபிளாக், அந்நாட்டின் உருவகமான அங்கிள் சாமை அதே பாணியில் வரைந்தது 1917-இல் சுவரொட்டியானது. மாதிரிக்கு ஆள் தேடும் சிரமம் வேண்டாம் என்று தன் முகத்தையே வைத்து, வயதைக் கூட்டி, தாடி ஒட்டிக்கொண்டார். 40 லட்சம் பிரதிக்கு மேல் அச்சானது. 1920-இல் சோவியத் நாட்டில் திமித்ரி மோர், சிவப்புச் சட்டைச் சிப்பாயை நிறுத்தி, 'நீ பெயர் கொடுத்துவிட்டாயா?' என்று கேட்க வைத்தார். மூன்று நாடு, மூன்று கொள்கை, ஒரே விரல்.

விரலின் தந்திரம் எளிது. படம் தட்டையானது. நேராக உன்னை நோக்கி வரைந்த கண்ணுக்கும் விரலுக்கும் பக்கவாட்டுத் தோற்றமே கிடையாது. நீ இடது பக்கம் போனாலும் வலது பக்கம் போனாலும் தாளில் இருப்பது அதே நேர்ப்பார்வைதான். வீட்டில் மாட்டியிருக்கும் சாமி படத்தைப் பார், முருகனும் அப்படித்தான் உன்னையே பார்ப்பார்.

ஆனால் உன் ஆசிரியருக்கு இதைவிட நல்ல பொருள் ஒன்று தருகிறேன். அதே முதல் உலகப்போரில் இந்தியாவில் ஆள் சேர்க்க உருதுவில் ஒரு சுவரொட்டி அடித்தார்கள். அதில் கிச்சனர் இல்லை, விரல் இல்லை. ஒரு சீருடை, ஒரு துப்பாக்கி, பணம், இவ்வளவுதான். 'இதையெல்லாம் எடுத்துக்கொள்ளப் போவது யார்? படையில் சேருபவன்' என்று வாசகம். ஆங்கிலேயனிடம் உன் நாட்டுக்கு நீ தேவை என்று சொல்ல முடிந்தது. பஞ்சாப் கிராமத்து வாலிபனிடம் எந்த நாட்டைச் சொல்வது? அதனால் சம்பளத்தைக் காட்டினார்கள். ஒரு வகையில் அதுதான் நாணயமான சுவரொட்டி.

1915-இல் சாவில் லம்லி என்பவர் வரைந்த ஒன்றையும் தேடிப் பார். நாற்காலியில் அப்பா, மடியில் மகள், காலடியில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடும் மகன். 'பெரிய போரில் நீங்கள் என்ன செய்தீர்கள் அப்பா?' என்று மகள் கேட்கிறாள். அந்த அப்பாவின் முகத்தை மட்டும் இரண்டு நிமிடம் பார். போர் முடியும் முன்பே, முடிந்த பிறகு வரப்போகும் வெட்கத்தை வரைந்து காட்டுகிறார். எனக்கு விரலைவிட இது பயமாக இருக்கிறது. (என் பதிலை அப்படியே பார்த்து எழுதாதே. உன் ஆசிரியரும் இந்த இதழ் வாங்குகிறார்.)

கைச்சட்டையை மடித்துவிட்டு முஷ்டியைக் காட்டும் அமெரிக்கப் பெண், போர்க்காலப் பெண்களையெல்லாம் தொழிற்சாலைக்கு அழைத்தவள்தானே?
– தாதி, கிள்ளான்

இல்லை. ஜே. ஹோவர்ட் மில்லர், வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்காக வரைந்தது. 1943 பிப்ரவரியில் இரண்டே வாரம், அந்த நிறுவனத்தின் தொழிற்சாலைகளுக்குள் மாட்டியிருந்தது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் ஊக்கமாக வேலை செய்யட்டும் என்பதற்காக. வெளியே யாரும் பார்க்கவில்லை. 1980-களில் பெண்ணுரிமைக்காரர்கள் தூசி தட்டி எடுத்த பிறகுதான் அவள் உலகத்துக்கு வந்தாள். அங்கேயும் வாசகம் 'எங்களால் முடியும்' என்றா, 'நம்மால் முடியும்' என்றா? முதலாளி சொன்னபோது ஒன்று, அந்தப் பெண்கள் எடுத்துக்கொண்டபோது வேறொன்று என்பேன்.

என் தாத்தா சயாம் ரயில் போட்டதற்குப் போய்த் திரும்பவில்லை. ஜப்பானியர் ஒட்டிய விளம்பரத்தை நம்பிப் போனார் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு. இல்லை, பிடித்துக்கொண்டு போனார்கள் என்று இன்னொரு பேச்சு. எது சரி?
– தச்சர், பட்டர்வொர்த்

ஐயா, உங்கள் தாத்தாவுக்கு நடந்தது எது என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டும் நடந்தன.

விளம்பரம் இருந்தது. 1943-இன் முற்பகுதியில் மலாயாப் பத்திரிகைகளில் போட்டார்கள். தாய்லாந்தில், அதாவது சயாமில், மூன்று மாதம் வரை வேலை, ரயில் பயணம் இலவசம், தங்க இடம், சாப்பாடு, மருத்துவம் இலவசம், நாளுக்கு ஒரு டாலர் சம்பளம். படித்தால் வாய் ஊறும். ஆனால் ஆள் வரவில்லை. மிகச் சிலரே பெயர் கொடுத்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் 'நம் ஜனங்கள் ஏமாளிகள், ஒரு டாலரைப் பார்த்து ஓடினார்கள்' என்று சிலர் கதை அளக்கிறார்கள். தோட்டத்து ஜனங்கள் அவ்வளவு எளிதில் நம்பவில்லை. இவர்களுடைய தாத்தாவைக் கடலுக்கு இப்பால் கொண்டுவந்ததும் இதே மாதிரி இனிப்பான பேச்சுதானே.

ஆள் வராததால் கட்டாயம் தொடங்கியது. இத்தனை பேர் அனுப்ப வேண்டும் என்று தோட்டங்களுக்குக் கணக்கு வந்தது. இலவசப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்குள் கூட்டி, கதவை அடைத்து, ஆண்களை லாரியில் ஏற்றினார்கள் என்ற கதையை உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள்.

இங்கே அச்சுக்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. பத்திரிகை விளம்பரம் அவர்கள் கண்ணில் பட்டிருக்க வழியே இல்லை. காலையில் இருட்டோடு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்கும்போது தோட்டக் கணக்கரான கிராணியோ கங்காணியோ வாய்விட்டுச் சொன்னதுதான் அவர்களுக்குச் சுவரொட்டி. என் அம்மாவின் தோட்டம் கூலிம் பக்கம். அங்கே கிராணி தாளைக் கையில் வைத்துக்கொண்டு படித்தாராம். 'மூன்று மாதம்' என்ற இடம் வந்தபோது குரல் இறங்கிவிட்டது என்று என் பாட்டி சொல்வார். பாட்டிக்கு எழுத்து தெரியாது, குரல் தெரியும். அன்று ராத்திரியே தாத்தாவைப் பக்கத்துக் கம்பத்துக்கு அனுப்பிவிட்டார். உங்கள் தாத்தா வீட்டில் அப்படிக் குரல் கேட்க ஆள் இருந்திருந்தாலும், லாரி வந்து நின்ற பிறகு அது உதவியிருக்காது.

சயாமிலிருந்து பர்மா வரை 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க் கைதிகள் 60 ஆயிரத்துக்கு மேல் வேலை செய்து 12 ஆயிரத்துக்கு மேல் இறந்தார்கள்; காஞ்சனபுரியில் அவர்களுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழரும் பர்மியரும் மலாய்க்காரரும் ஜாவாக்காரரும் சேர்ந்த ஆசியத் தொழிலாளர் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். அவர்களில் செத்தவர்களுக்கு உறுதியான கணக்குகூட இல்லை. 'ஆசியா ஆசியருக்கே' என்ற வாசகத்தை நான் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டு நினைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் இதில் எழுத எனக்குக் கை வரவில்லை.

எங்கள் பாட்டி நேதாஜி கூட்டத்தில் வளையலைக் கழற்றிக் கொடுத்தவர். என் மருமகன் அதையும் 'பிரசாரம்' என்கிறான். எனக்கு மனம் வலிக்கிறது. அதையும் நீங்கள் இந்தப் பட்டியலில் சேர்ப்பீர்களா?
– ஒரு பாட்டி, செந்தூல்

சேர்ப்பேன் அம்மா, ஆனால் உங்கள் மருமகன் சொல்லும் தொனியில் இல்லை.

சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 21-ஆம் தேதி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். 'டில்லி சலோ' என்பது இரண்டே சொல். கொடியில் பாயும் புலி. ஜான்சி ராணிப் படைக்குப் பெண்களைக் கூப்பிட்டார். கூப்பிட்ட விதம், கூட்டத்தை நிறுத்திய விதம், ஒலிபெருக்கி, கொடி, முழக்கம் எல்லாமே நன்றாக யோசித்துச் செய்த பிரசாரம். அவருக்கு அது நன்றாகவே தெரியும். பக்கத்தில் ஜப்பானியர் நின்றார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதே 1943-இல்தான் அதே ஜப்பானியர் நம் ஆள்களைச் சயாமுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். லயத்தில் பிறந்து, துரை வந்தால் ஒதுங்கி, கங்காணி அதட்டினால் குனிந்து பழகிய ஒரு பெண்ணைப் பார்த்து, ஒரு தலைவர் மேடையிலிருந்து 'நாம்' என்றார். துப்பாக்கியைக் கையில் கொடுத்தார். அந்தப் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி மலாயாத் தமிழ்ப் பெண்கள், அதிலும் பலர் தோட்டத்துப் பெண்கள். லட்சுமி சுவாமிநாதன் மதராஸிலிருந்து வந்த டாக்டர். கோலாலம்பூர் ஜானகி தேவர் அப்போது பதின்ம வயதுப் பெண். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் இந்நாட்டு மேலவையில் உட்கார்ந்தார். அந்த 'நாம்' பொய்யாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

பிரிட்டிஷார் பதிலுக்கு என்ன செய்தார்கள் என்பதையும் மருமகனுக்குச் சொல்லுங்கள். நேதாஜி படையை இந்திய தேசிய ராணுவம் என்று தங்கள் சிப்பாய்கள் வாயில் வரவிடக்கூடாது என்று 'ஜிஃப்' என்று ஒரு பெயர் கட்டினார்கள். ஜப்பானியருக்குக் கைக்கூலி என்ற பொருள் வரும்படி எழுத்துகளைச் சுருக்கிச் செய்த பெயர். வளையல் கொடுத்த உங்கள் பாட்டி அவர்கள் ஏட்டில் அதற்குள்தான் அடக்கம். பெயர் கட்டுவதும் பிரசாரம்தான்.

பிரசாரமா, பரப்புரையா? எது நல்ல தமிழ்?
– தமிழாசிரியர், நிபோங் திபால்

பரப்புரை நல்ல தமிழ். பிரசாரமும் ஐந்து எழுத்து, பரப்புரையும் ஐந்து எழுத்து, சுவரொட்டியில் இடம் ஒன்றும் மிச்சமில்லை. நான் இரண்டையும் அடித்திருக்கிறேன், பணம் ஒரே மாதிரிதான் வந்தது. 'புரோப்பகண்டா' என்ற சொல்லின் பிறப்பு 1622-இல் போப்பாண்டவர் சமயம் பரப்ப அமைத்த சபையின் பெயரிலிருந்து. அதனால் பரப்புரை பொருளுக்கும் பொருந்துகிறது. உங்களுக்கே வெற்றி ஐயா.

காலமான என் தந்தையின் இரும்புப் பெட்டியில் மடிந்த தாள் ஒன்று கிடைத்தது. சீனம், மலாய், தமிழ், ஆங்கிலம் நான்கும் இருக்கின்றன. இதைக் காட்டி வருபவரைச் சுடக்கூடாது, நன்றாக நடத்த வேண்டும் என்ற கருத்து. இது என்ன? லேமினேட் செய்து வைக்கலாமா?
– கடைக்காரர், தைப்பிங்

லேமினேட் செய்யாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிட்டேன். இனி மெதுவாகப் பேசலாம்.

உங்களிடம் இருப்பது அவசரகாலத்துச் சரணடைவுச் சீட்டு. 1948 ஜூன் முதல் 1960 ஜூலை வரை நடந்த அவசரகாலத்தில் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்காக விமானத்திலிருந்து கோடிக்கணக்கில் கொட்டிய தாள்களில் ஒன்று. 1950-இல் இந்த வேலையை நடத்த இங்கிலாந்திலிருந்து ஹியூ கிரீன் வந்தார், பிற்பாடு பி.பி.சி.யின் தலைமைப் பதவிக்குப் போனவர். அப்புறம் இந்நாட்டுக்காரரான சி. சி. டூ பொறுப்பேற்றார். காட்டில் இருப்பவனிடம் கொள்கையைப் பற்றி வாதாடுவதைவிட, பசியையும் வீட்டையும் பேசுவது மேல் என்பது அவர்கள் கண்ட வழி. கம்யூனிஸ்டுகளின் தலைவர் சின் பெங் தலைக்கு 2 லட்சத்து 50 ஆயிரம் டாலர் என்ற அறிவிப்பு ஒரு பக்கம், வெளியே வா, சோறு உண்டு என்ற சீட்டு மறுபக்கம்.

எனக்கு ஐந்தாறு வயதிருக்கும்போது, பள்ளி விடுமுறைக்குக் கூலிம் தோட்டத்தில் பாட்டி வீட்டில் இருந்தேன். பால்மரங்களுக்கு மேலே விமானம் தாழப் பறந்து போனது. அதன் பின்னால் வானமே உதிர்ந்த மாதிரி தாள்கள். காற்று காட்டுப் பக்கம் அடிக்காமல் தோட்டத்துப் பக்கம் அடித்துவிட்டது போலிருக்கிறது. பிள்ளைகள் நாங்கள் ஓடி ஓடிப் பொறுக்கினோம். எனக்கு அன்று கிடைத்தது 30 தாள். நான் தமிழ் எழுத்தை முதன்முதலில் அச்சில் அவ்வளவு நெருக்கத்தில் பார்த்தது அதில்தான். 'றை'யின் கொம்பு அச்சில் விழாமல் மொட்டையாக நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. பாட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, நாலு தாளைக் கூம்பாகச் சுருட்டி அவித்த கடலை போட்டுக் கொடுத்தார். மீதியை அடுப்பு பற்ற வைக்க. கடலையைத் தின்றுகொண்டே 'இதைக் கொண்டுவருபவரைச் சுடாதே' என்று எழுத்துக் கூட்டிப் படித்தேனாம். மாமா அதை வைத்து வெகு நாள் கேலி செய்தார்.

இப்போது தாளுக்கு வருவோம். பிளாஸ்டிக்கைச் சூடாக்கி ஒட்டினால் பழைய தாள் உள்ளேயே வெந்துபோகும், பிறகு பிரிக்கவே முடியாது. ஒட்டும் டேப்பும் கூடாது. பத்து வருடத்தில் அதன் பசை பழுப்பாகி எழுத்தைத் தின்றுவிடும். ஒரு தடவை நானே அப்படி ஒரு பழைய கோயில் நோட்டீஸைக் கெடுத்திருக்கிறேன், பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். மடிப்பை வேகமாக நிமிர்த்த வேண்டாம். அமிலம் இல்லாத தாள் உறை எழுதுபொருள் கடையில் கேட்டால் கிடைக்கும். அதற்குள் தட்டையாக வைத்து, வெயில் படாத, ஈரம் ஏறாத அலமாரியில் வையுங்கள். இரும்புப் பெட்டி வேண்டாம், துரு இறங்கும். கொடுத்துவிட மனம் வந்தால் கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது.

அதற்கு முன் கைப்பேசியில் இரண்டு பக்கமும் படம் எடுத்து இதழுக்கு அனுப்புங்கள். பின்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். காகிதம் கிடைக்காத காலம் அது. உங்கள் அப்பா அந்தச் சீட்டை இத்தனை வருடம் வைத்திருந்தார் என்றால், பின்னால் பென்சிலில் கடைக் கணக்கோ, யாருடைய பெயரோ எழுதியிருப்பார்.